கேள்வி-பதில்: பதிவேட்டில் சிதைந்த பெயர்கள்

கேள்வி: எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் அங்கத்தவர் பதிவேட்டைக் கணினியில் ஏற்றினோம். தரவுத்தளம் மைஎஸ்கியூஎல், நிரலை லயத்துத் தம்பி ஒருவர் பிஎச்பியில் எழுதித் தந்தார். பிஎச்பிமைஅட்மினில் நான் பதிந்த தமிழ்ப் பெயர்கள் நிரலில் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன. நிரலில் பதிந்தவையோ அங்கே ஒழுங்காகத் தெரிந்து, பிஎச்பிமைஅட்மினில் புரியாத எழுத்துகளாகின்றன. பெயர்கள் அழிந்துவிட்டனவா? டிவிசன் பொறுப்பாளர்கள் தம் கைத்தொலைபேசியிலிருந்தே தரவுத்தளத்தோடு நேரே இணையலாமா?

– சங்கச் செயலாளர், ரம்புக்கனை

பதில்: பெயர்கள் அழியவில்லை, ஐயா. ஆனால் கேள்விக்குறியாகத் தெரியும் எந்தப் பதிவையும் நிரலில் திறந்து மீண்டும் சேமித்துவிட வேண்டாம் என்பதை முதற்கண் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அவ்விதம் சேமித்த கணத்தில் அக்கேள்விக்குறிகளே உண்மைப் பெயரின் ஸ்தானத்தில் எழுதப்பட்டு, பின்னர் எந்த வித்தையாலும் அதை மீட்க இயலாது போய்விடும்.

நிரலும் தரவுத்தளமும் நேருக்கு நேர் சம்பாஷிப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே டிரைவர் என வழங்கும் இணைப்பு மென்பொருள் நின்று, நிரலின் கோரிக்கையைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுசெல்வதும், அது தரும் விடையை நிரலிடம் சேர்ப்பதுமாகிய காரியங்களைச் செய்கிறது. இணைப்பைத் திறக்கும்போதே நிரல் எந்த எழுத்துமுறையில் பேசப்போகிறது என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. பிஎச்பிமைஅட்மின் யுனிகோட் என்று தெளிவாக அறிவித்து விடுகிறது. உங்கள் நிரல் ஒன்றும் சொல்லாமல் இணைந்திருக்கிறது. சொல்லாதவரைத் தரவுத்தளம் இலத்தீன் எழுத்துக்காரராகக் கொண்டுவிட்டது. ஸ்வீடனில் வளர்ந்த மைஎஸ்கியூஎல்லில், 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை, இலத்தீன் எழுத்துமுறையும் ஸ்வீடிஷ் அகரவரிசையுமே இயல்பான ஏற்பாடாக இருந்தன.

இதன் விளைவைச் சற்று அருகிலிருந்து பாருங்கள். ‘ம’ என்னும் ஓரெழுத்து, யுனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் 224, 174, 174 என்ற 3 எண்களாகப் பயணம் செய்கிறது. இலத்தீன் கணக்கில் 224 என்பது தலையில் சாய்கோடு தாங்கிய ஓர் ஆங்கில ‘ஏ’. 174 என்பது வணிகச் சின்னங்களுக்குப் பக்கத்தில் காணும் வட்டத்துக்குள் ‘ஆர்’. ஆகவே நிரலில் பதிந்த ‘ம’ இம்மூன்று குறிகளாகவே களஞ்சியத்தில் போய்ச் சேர்ந்தது; நிரல் வாசிக்கும்போது அதே பிழை எதிர்த்திசையில் நிகழ்வதால், அங்கே மட்டும் சரியாகத் தோன்றுகிறது. பிஎச்பிமைஅட்மின் வழியே முறையாகப் பதிந்த ‘ம’வுக்கோ இலத்தீன் எழுத்துமுறையில் இடமே இல்லாமையால், நிரலிடம் கொடுக்கும்போது தரவுத்தளம் ஒரு கேள்விக்குறியை வைத்து அனுப்புகிறது.

பரிகாரம் எளிது. தம்பி, பிஎச்பியின் பிடிஓ என்னும் இணைப்பு முறை வழியே இணைபவராயின் இணைப்பு வரியிலேயே ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று எழுத்துமுறையைக் குறிப்பிடட்டும். மைஎஸ்கியூஎல்ஐ வழியாயின் இணைந்த மாத்திரத்தில் அதற்குரிய கட்டளையைக் கொடுக்கட்டும். இவ்விரண்டுக்கும் முற்பட்ட பழைய இணைப்பு முறை, 2015 டிசம்பரில் வெளிவந்த பிஎச்பி 7இலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. தம்பி அதைப் படித்து எழுதியிருந்தால் இப்போதே மாற்றிவிடுவது உத்தமம். ஏற்கெனவே சிதைந்து பதிவானவற்றை, முழுப் பிரதி ஒன்று எடுத்து வைத்த பின், அவற்றை மட்டும் தனியே பிரித்து, இலத்தீன் இணைப்பில் வெளியே எடுத்து யுனிகோட் இணைப்பில் திரும்ப ஏற்ற வேண்டும். சரியாயிருக்கும் வரிகளையும் சேர்த்து அப்படிச் செய்தால் அவை கெட்டுவிடும்.

கைத்தொலைபேசியிலிருந்து நேரே இணைவதை நான் அடியோடு மறுக்கிறேன். அதற்குத் தரவுத்தளத்தின் 3306ஆம் வாயிலை இணையம் முழுவதற்கும் திறந்துவிட வேண்டும். கடவுச்சொல் ஒவ்வொரு தொலைபேசியிலும் குடியிருக்கும். ஒன்று தொலைந்தால் பதிவேடு முழுவதுமே அந்நியர் கையில். தரவுத்தளம் உள்ளேயே இருக்க, முன்னே ஒரு வலைப்பக்கம் நின்று, யார் எதைப் பார்க்கலாம், எதை எழுதலாம் என்று விசாரித்து அனுமதிப்பதே முறை. 2004 டிசம்பரில் சுனாமி நம் கரைகளை அழித்தபோது, லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷனைச் சார்ந்த தொண்டர்கள் கொழும்பிலே உருவாக்கிய ‘சஹானா’ இந்த அமைப்பையே கைக்கொண்டது: உங்களுடையதைப் போலவே பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும், காணாமற்போனோர், முகாம்கள், நிவாரண ஸ்தாபனங்கள் என்று பல பதிவேடுகள், உபயோகிப்பவருக்குத் தேவைப்பட்டது ஓர் உலாவி மாத்திரமே. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூக நல விருதை அதற்கு அளித்தது. யார் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்னும் பட்டியல் எத்தகைய பொருள் என்பதை, 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்ததைக் கண்ட உங்கள் மாவட்டத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதிவேட்டிலுள்ள பெயர், இறந்தவர் குடும்பத்துக்குச் சங்கம் கொடுக்கும் உதவிப்பணத்துக்கே ஆதாரமாகையால், ஓர் எழுத்துப் பிசகையும் அற்பமென்று நான் கருதமாட்டேன்.

வலைப்பக்கத்தை அமைக்கும்போது தம்பி இரண்டு விஷயங்களைக் கவனிக்கட்டும். உறுப்பினர் பெயரைக் கட்டளை வாசகத்தோடு ஒட்டி எழுதாமல், டிரைவர் தரும் முன்தயாரிப்புக் கட்டளையில் தனி மதிப்பாக அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய டி’சில்வா என்ற பெயரிலுள்ள மேற்குறி கட்டளையைப் பாதியில் முறிக்கும், அதே ஓட்டையின் வழியே தீயவர் பதிவேட்டையே அழிக்கவும் கூடும். இரண்டாவது, நிரலுக்கெனத் தனிக் கணக்கொன்று வைத்து, வாசிக்கவும் சேர்க்கவும் திருத்தவும் மட்டுமே அதற்கு உரிமை கொடுங்கள். பிஎச்பிமைஅட்மின் உங்கள் ஒருவர் கையிலேயே, சங்கத்துக் கணினியில் மட்டும் இருக்கட்டும்.