வராதவர்களின் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

2020 ஜூலையில் மும்பையில் நடந்த கொரோனா ரத்தப் பரிசோதனை ஆய்வைப் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். பி-மதிப்பு, மாதிரி எடுப்பு எல்லாம் உனக்கு அத்துப்படி. அதைப் பேச அல்ல இந்தக் கடிதம்.

முதல் வரியிலேயே 'தாராவியில் 57 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள்' என்று எழுதியிருக்கிறாய். சுர்ரென்று வந்தது எனக்கு. ஆய்வு நடந்தது மூன்றே வார்டுகளில்: மாட்டுங்கா இருக்கும் எஃப் நார்த், செம்பூர் இருக்கும் எம் வெஸ்ட், தகிசர் இருக்கும் ஆர் நார்த். தாராவி ஜி நார்த்தில் அல்லவா இருக்கிறது! (மாட்டுங்கா லேபர் கேம்ப் என்ற பெயரை நம்பிவிட்டாயோ? அதுவும் தாராவிதான்.) குடிசை என்றாலே தாராவி என்று டெல்லிக்காரர் எழுதட்டும். சயானில் வளர்ந்த நீ எழுதலாமா?

அடுத்தது என் பழைய பைத்தியம். 8,870 பேரிடம் ரத்தம் எடுக்கத் திட்டம், கிடைத்தது 6,936. குடிசைகளில் 4,234, மற்ற இடங்களில் 2,702. மீதி 1,934 பேர் யார்? ஊருக்கு ரயிலேறியவர்களா, சொசைட்டி கேட்டிலேயே வாட்ச்மேனை விட்டுத் திருப்பி அனுப்பியவர்களா? குடிசைகளின் 57 சதவீதத்துக்கும் மற்ற இடங்களின் 16 சதவீதத்துக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டாடிய நீ, இவர்களுக்கு ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செம்பூரில் ஒரு கணக்கெடுப்பு. வீடு பூட்டியிருந்தால் களப்பணியாளர் அதற்குப் பதில் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிவிடுவார். படிவத்தில் கதவு எண்ணை அடித்துத் திருத்திய இடத்தில் மட்டும் மை வேறாக இருக்கும். என் மேலதிகாரி அதைப் பிடித்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் அதே கதவைத் தட்டச் சொன்னார். பகலில் ஆலைக்குப் போனவன் அப்போதுதானே வீட்டில் இருப்பான்!

அவர் சேத்துப்பட்டு காசநோய் மையத்தில் வேலை பழகியவர். அங்கே 1956-ல் தொடங்கிய சென்னை காசநோய் ஆய்வில் நோயாளிகள் 193 பேர்தான். சானடோரியம் வேண்டாம், வீட்டிலேயே மருந்து போதும் என்று காட்டியது அது. நோயாளியின் வீட்டாரை ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் எடுத்து, மாத்திரை சாப்பிட்டாரா என்று பார்த்தார்கள். ஆளை நழுவவிடாத அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் 193-ஐ யார் நம்பியிருப்பார்கள்?

உன் கட்டுரையில், பரிசோதனையின் பிழையைக் கழித்து விகிதத்தைத் திருத்தும் பத்தி பிரமாதம். தமிழில் இவ்வளவு தெளிவாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதற்காகவே மறுபடி படித்தேன்.

அடுத்த இதழுக்குள் திருத்தம் அனுப்பு. வார்டு பெயர் முதலில், 1,934 இரண்டாவது.