முழுக் காப்புறுதி இல்லாத வண்டி நொறுங்கினால்

பெட்டாலிங் ஜெயாவிலும் கிள்ளானிலும் சரக்கு வண்டி ஓட்டும் நம்மவர் சிலர், செலவைக் குறைக்க எண்ணி மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு நின்றுவிடுகின்றனர். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வலியுறுத்துவதும் மூன்றாம் தரப்புக் காப்பையே. இன்ஷூரன்ஸ் ஆயினும் தக்காஃபுல் ஆயினும், அது பிறர் நஷ்டத்தையே ஈடு செய்யும். நம் வண்டியின் நஷ்டம் நம் தலையில். அந்நிலையில் செய்யத்தக்கது யாது?

முதலாவது: 24 மணி நேரத்திற்குள் போலீஸில் புகார் எழுதுக. எதிர் வண்டியின் எண்ணையும் சாட்சிகளின் விவரத்தையும் குறித்துக்கொள்க. படமும் எடுத்து வைக்க.

இரண்டாவது: குற்றம் எதிராளியுடையதாயின், அவருடைய காப்புறுதிக் கம்பெனியிடம் பழுதுச் செலவையும், பழுது பார்க்கும் நாட்களுக்கான இழப்பீட்டையும் கோரலாம். தீராவிடில் வழக்குத் தொடரலாம். 5,000 வெள்ளிக்கு மேற்படாத தொகைக்கு, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்கு முறையில் வக்கீல் இல்லாமலே வாதாடலாம்.

மூன்றாவது: குற்றம் நம்முடையதாயின், பழுதுச் செலவைச் சந்தை மதிப்போடு ஒப்பிடுக. செலவு மிகுமாயின் உள்ளபடியே விற்றுவிடுதல் மேல். ஆனால், வண்டி அழிந்தாலும் தவணைக் கடன் அழியாது; கடன் நிலுவையாயின் பேங்கின் சம்மதமின்றி விற்கலாகாது.

ஆகவே, காப்புறுதியைப் புதுப்பிக்கும் நாளில் ஒரு கணக்குப் போடுக: இவ்வண்டியை இழந்தால் கைம்முதலில் வேறு வண்டி வாங்க இயலுமா? இயலாதெனில் முழுக் காப்புறுதியே சிக்கனம்.