பழைய புத்தகத்தில் மின்மினி மரம்: கலை வகுப்புக்கு ஒரு செய்முறை

கெட்டி அட்டைப் புத்தகங்களைக் குடைந்து சிற்பமாக்குவதில் உலகறிந்தவர் அமெரிக்கரான பிரையன் டெட்மர். அவர் புத்தகத்துக்குள் எதையும் புதிதாக நுழைப்பதில்லை, உள்ளதை இடம் மாற்றுவதுமில்லை. வெட்டி நீக்குவது மட்டுமே அவர் வேலை. கோல சிலாங்கூர் மாணவர்களுக்கு இதைப் பழக, கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில் மின்மினிகள் அடையும் பெரெம்பாங் மரம் நல்ல பாடம். மின்மினிகளையும் ஊசித் துளைகளாகவே காட்டிவிடலாம். 12 வயதுக்கு மேற்பட்டோருக்கான செய்முறை இது.

தேவையானவை

புத்தகம், பேனாக் கத்தி, மாற்று அலகுகள், இரும்பு அடிக்கோல், வெட்டுப்பலகை, வெள்ளைப் பசை, தூரிகை, இடுக்கி, பல்குச்சி, குண்டூசி, பேட்டரியில் எரியும் சிறு எல்இடி சரம்.

1. புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள்

பாதி வேலை இதில்தான் இருக்கிறது. பழைய கலைக்களஞ்சியத் தொகுதிகள் மிகப் பொருத்தம். பிரிட்டானிக்காவே 2012இல் அச்சுப் பதிப்பை நிறுத்திவிட்டது. பழைய தொகுதிகளைப் புரட்டுவோர் இன்று குறைவு. சுமார் 400 பக்கம், வழவழப்பில்லாத தாள், நூலால் தைத்த கட்டு இருக்கட்டும். நடுவில் விரித்தால் தையல் தெரியும்.

தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் பதிவேடு), தோட்டப் பள்ளி ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், மலேசியத் தமிழ் எழுத்தாளர்களின் பழைய நூல்கள் ஆகியவற்றில் கத்தி படக்கூடாது. புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டங்களை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு அவை சாட்சிப் பத்திரங்கள். இன்னொரு படி கிடைப்பது அரிது. சரஸ்வதி பூசையில் வைக்கும் பொருளை வெட்டுவதா என்று பெற்றோர் கேட்டால், எந்த நூலை, ஏன் எடுத்தோம் என்று சொல்லிவிடுங்கள்.

2. பூச்சியை ஒழியுங்கள்

இராமபாணப் பூச்சி இருக்கலாம் என்று தோன்றினால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காமல், குளிர் முழுதும் போன பிறகே பையைத் திறக்க வேண்டும். பூஞ்சை மணம் வீசும் புத்தகத்தை ஒதுக்கிவிடுங்கள்.

3. விளிம்பை ஒட்டுங்கள்

இரண்டு பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, தாள்களின் மூன்று விளிம்பிலும் பூசுங்கள். அட்டைகளில் படவேண்டாம், அவை திறக்க வேண்டும். அட்டைக்கும் தாளுக்கும் இடையே மெழுகுத்தாள் செருகி, மேலே செங்கல் ஏற்றுங்கள். காய்ந்ததும் மறுபடி பூசுங்கள். நம் கடலோர ஈரப்பதத்தில் மின்விசிறிக் காற்றில் ஓர் இரவாவது காய வேண்டும்.

4. அடுக்குகளைத் திட்டமிடுங்கள்

400 பக்கம் என்றால் 200 தாள். முதல் 100 தாளில் படம்: மேலே கிளைகள், அடியில் ஆற்றங்கரை. அடுத்த 10 தாள் இருண்ட வானம். மீதி 90 தாள் விளக்குக்கான குழி. சுற்றிலும் 2 செ.மீ. சட்டம் விடுங்கள். ஒவ்வொரு கிளையும் எங்காவது சட்டத்தைத் தொட வேண்டும். தொடாத துண்டு உதிர்ந்துவிடும்.

5. வெட்டுங்கள்

முன் அட்டையில் சன்னல் வெட்டுவது ஆசிரியர் வேலை. பிறகு முன்னிருந்து பின்னாக, ஒரு தடவைக்கு ஐந்து தாளுக்கு மேல் போகாமல் வெட்டுங்கள். அழுத்தி ஒரே கீறலாக இழுக்காமல், மெல்லப் பலமுறை கீறுங்கள். மறு கை எப்போதும் கத்தியின் பாதைக்கு வெளியே இருக்கட்டும். துண்டுகளை இடுக்கியால் எடுங்கள். நல்ல படமோ வரியோ தென்பட்டால் திட்டத்தை மாற்றி அதைக் காப்பாற்றுங்கள். தாள் பிசிறினால் அலகு மழுங்கிவிட்டது என்று பொருள். பழைய அலகுகளை மூடியுள்ள தகர டப்பாவில் சேருங்கள்.

6. மின்மினிகளை ஏற்றுங்கள்

பின் அட்டையைத் திறந்து, பின்பக்கத் தாள்களைச் சதுரமாகக் குடைந்து வானத் தாள்கள் வரை போங்கள். கிளைகளின் இடைவெளியில் தெரியும் வானத்தில் குண்டூசியால் துளையிடுங்கள்; சீராக வேண்டாம், கொத்துக் கொத்தாக இருக்கட்டும். எல்இடி சரத்தைக் குழியில் சுருட்டி வைத்து அட்டையை மூடுங்கள். மெழுகுவர்த்தி கூடவே கூடாது.

7. நிலைப்படுத்துங்கள்

தொங்கும் தாள்களைப் பல்குச்சி முனையில் எடுத்த பசையால் அடித்தாளோடு ஒட்டுங்கள். வெயில் படாத அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பக்கத்தில் ஓர் அட்டையில் மாணவர் பெயரோடு நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு மூன்றையும் எழுதுங்கள். அந்தச் சிற்பத்தில் நூலாசிரியருக்கும் பங்குண்டு.