மஞ்சள் மேலே, குங்குமம் கீழே

பெங்களூருவில் 22 வருடமாக இருக்கிறேன். நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவத்துக்கு எங்கள் அப்பார்ட்மெண்ட்டில் ஆளுக்கொரு ரிப்பன் பேட்ஜ் குத்திக்கொள்வது வழக்கம். 2024-இல் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. நானே கேட்டு வாங்கியதுதான். தமிழ்க்காரி ஒருத்தி முன்நின்று செய்தால் நாலு பேருக்கு நம்மேல் நல்ல எண்ணம் வருமே என்று ஓர் ஆசை. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தில் தமிழகப் பதிவெண் வண்டிகள் எரிந்தபோது, எங்கள் காரை பேஸ்மெண்ட்டை விட்டு வெளியே எடுக்காமல் இருந்தவர்கள் நாங்கள். அந்தக் கணக்கும் மனதில் இருந்தது.

சிக்பேட்டையில் சாட்டின் ரிப்பன், ஊக்கு எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிட்டது. தீபாவளிக் கூட்டத்தில் நசுங்காமல் திரும்புவதுதான் பாடு. காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள்.

இனி என் கதை. கன்னடக் கொடி இரண்டே பட்டை: மேலே மஞ்சள், கீழே சிவப்பு. 1960-களில் கன்னடப் போராளி மா. ராமமூர்த்தி உருவாக்கியது. நான் பார்க்காத கொடியா? ஒவ்வொரு ஆட்டோ ஸ்டாண்டிலும் பறக்கிறது. ஆனால் கமிட்டியில் ஒரு பெரிய மனிதர், "மூணு பட்டைதாம்மா, எனக்குத் தெரியாதா?" என்று அடித்துச் சொன்னார். 2018-இல் மாநில அரசு மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று ஒரு புதிய கொடியைக் காட்டியதே, அது அவர் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு மத்திய அரசின் ஒப்புதல் வரவேயில்லை. வெள்ளை ரிப்பன் அழுக்காகும் என்று நான் என் மூளையையும் சேர்த்தேன்: சிவப்பு, நடுவில் மஞ்சள், மறுபடி சிவப்பு. மாதிரி ஒன்று தைத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதினான்கு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். டெய்லரிடம் 180 பேட்ஜ் தைக்கக் கொடுத்தேன்.

நவம்பர் 1 காலை, கொடிமரத்தடியில் பேட்ஜ் குத்திக்கொண்டிருக்கிறேன். ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆண்ட்டி, இது விஜய் பார்ட்டி ஃப்ளாக் அல்வா?" என்றான். அல்வா என்றால் கன்னடத்தில் 'இல்லையா'.

த.வெ.க. கொடி! மேலும் கீழும் கருஞ்சிவப்பு, நடுவில் மஞ்சள். யானையும் வாகைப்பூவும்தான் பாக்கி. அக்டோபர் 27 அந்தக் கட்சியின் விக்கிரவாண்டி மாநாட்டை டிவியில் முழுக்க உட்கார்ந்து பார்த்தவள் நான், அப்போதுகூட உறைக்கவில்லை. கர்நாடகத்தின் பிறந்தநாளில் தமிழ்நாட்டுக் கட்சிக் கொடியைக் குத்திவிட்ட தமிழ்க்காரி! கட்டைவிரல் காட்டிய பதினான்கு பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பெரிய மனிதர் ஸ்பீக்கர் ஒயரைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

காப்பாற்றியது மூன்றாவது மாடி தார்வாட் அக்கா. ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிளேடு எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து, மேல் சிவப்பின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். "அரிசின மொதலு, ஆமேலெ குங்குமா," என்றார். முதலில் மஞ்சள், அப்புறம் குங்குமம். நாமும் மஞ்சள் குங்குமம் என்றுதானே சொல்கிறோம், குங்குமம் மஞ்சள் என்று யாராவது சொல்வார்களா? அந்த வரிசையே கொடியின் வரிசை. ஒன்பதரைக்கு ஏற வேண்டிய கொடி பத்தே காலுக்கு ஏறியது.

உடையில் நான் தப்புச் செய்யவில்லை, அதையும் சொல்லிக்கொள்கிறேன். மைசூர் சில்க்தான் உடுத்த வேண்டும் என்று பலர் மிரட்டுவார்கள். பாகல்கோட்டை மாவட்டத்து இல்கல் சேலை போதும். அதன் முந்தானை வழக்கமாகவே சிவப்பு. உடல் மஞ்சளாக எடுத்தால் சேலையே கொடி. ஆண்களுக்கு நம் வேட்டிதான் இங்கே பஞ்செ; தோளில் மஞ்சள் சிவப்புச் சால்வை. பட்டில் ஊக்கு நேராகக் குத்தினால் நூல் இழுக்கும், உள்ளே ஒரு துணித்துண்டு வைத்துக்கொள்ளுங்கள். பேட்ஜ் இடது மார்பில்.

ஆஸ்லோவில் இருக்கும் என் சித்தி மகள் மே 17-இல் போட்டோ அனுப்புவாள். 1814-இல் நார்வே தன் அரசியலமைப்பை ஏற்றுக்கொண்ட நாள் அது. அங்கும் இடது மார்பில்தான் ரிப்பன். சிவப்பு, வெள்ளை, நீலம். புனாத் என்ற உடையைப் பார்த்தே எந்தப் பகுதிக்காரர் என்று சொல்லிவிடலாமாம். "உங்க ஊர்ல ரிப்பனைத் தப்பாத் தைக்கிறவங்க உண்டா?" என்று கேட்டேன். சிரித்தாளே தவிர, பதில் வரவில்லை.

பிரித்தெடுத்த சிவப்பு ரிப்பன் 180 துண்டு என் தையல் டப்பாவில் சும்மா கிடக்கிறது. அடுத்த நவம்பருக்கு வேண்டுவோர் வந்து வாங்கிக்கொள்ளலாம். மஞ்சள் மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.