பொய்ச் சாவி

கர்ப்பிணிப் பெண்களுக்குச் சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை தருகிறார்கள். அதில் ஃபோலிக் அமிலம் என்ற சத்தும் உண்டு. உடம்பில் புது ரத்தம் ஊற அது வேண்டும். கீரையிலும் அது இருக்கிறது. இந்தச் சத்தை ஆராயும்போதுதான் ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு மருந்து கிடைத்தது. அந்த ஆராய்ச்சியை நடத்தியவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895-இல் ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தார். பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு முறை தோற்றார். மூன்றாம் முறை சென்னையில் எழுதி வென்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கதர் அங்கி உடுத்தினார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. சுப்பாராவுக்குக் குறைந்த பட்டமே கிடைத்தது.

அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயால் இறந்தார்கள். அந்த நோய்க்கு அப்போது மருந்து இல்லை. மருந்து தேடும் ஆசை அவர் மனதில் ஊன்றிவிட்டது.

1923-இல் அமெரிக்கா போனார். ஹார்வர்டில் படித்தார். சாப்பாட்டுக்குப் பணம் வேண்டுமே! இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவினார். 1940-இல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். 1945-இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டது. ஸ்ப்ரூ நோய்க்கு அது நல்ல மருந்தானது.

பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இருந்தார். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில மாதங்களில் இறந்துபோன காலம் அது. ஃபார்பர் அவர்களுக்கு ஃபோலிக் அமில வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமாக முற்றியது! புற்று அணுக்களும் அந்தச் சத்தைத் தின்றே பெருகின. அப்படியானால் சத்தைத் தடுத்தால் என்ன?

சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலம் போலவே தோன்றும் ஒரு பொருளைச் செய்தது. அதன் பெயர் அமினாப்டெரின். பொய்ச் சாவி பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காது. நல்ல சாவியையும் உள்ளே விடாது. அதுபோலத்தான் இதுவும். ஏமாந்த அணுக்களால் பெருக முடியவில்லை.

1947 டிசம்பரில் ஃபார்பர் இந்த மருந்தைக் கொடுக்கத் தொடங்கினார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் நோய் திரும்பவும் வந்தது. சில மாத ஆயுள்தான் கூடியது. அதற்கு முன் அதுவும் கிடைத்ததில்லை.

மருந்தைச் சற்று மாற்றி மெத்தோட்ரெக்ஸேட் செய்தார்கள். அதை வேறு மருந்துகளோடு சேர்த்து இன்றும் தருகிறார்கள். முறையான சிகிச்சை கிடைத்தால் இன்று இந்த நோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். முடக்குவாதத்துக்கும் இதே மருந்து உண்டு.

சுப்பாராவ் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1948 ஆகஸ்டில், 53 வயதில், அமெரிக்காவிலேயே இறந்தார். ஊர் திரும்பவே இல்லை. யானைக்கால் நோய்க்குத் தரும் டி.இ.சி. மாத்திரையும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் பிறந்ததுதான்.