நிக்காஹ் படங்களை அழிக்கும் முன்



சென்டாக் விண்ணப்பத்துக்குச் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து சேமிக்கும் நேரத்தில் 'இடமில்லை' என்று லேப்டாப் சொன்னால், முதலில் பலியாவது வீட்டு நிக்காஹ் படங்களும் வீடியோக்களும்தான். அவசரப்பட வேண்டாம். இடத்தை அடைத்திருப்பது வேறொன்றாகவும் இருக்கலாம்.

விண்டோஸ் 10, 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று சென்று, 'ஷோ மோர் கேட்டகரீஸ்' அழுத்தி, 'சிஸ்டம் அண்ட் ரிசர்வ்டு' பகுதியைப் பாருங்கள். 'ஹைபர்னேஷன் ஃபைல்' என்று ஒன்று இருக்கும். லேப்டாப் ஹைபர்னேட் ஆகும்போது, திறந்திருக்கும் வேலையை இதில்தான் எழுதி வைக்கிறது. சி டிரைவில் மறைந்திருப்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. வழக்கமான அளவு ராமில் 40 சதவீதம். 8 ஜிபி ராம் என்றால் 3 ஜிபிக்கு மேல்.

நீக்க, கமாண்ட் பிராம்ப்ட்டை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்கவும். ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி, இடைவெளி விட்டு, சாய்கோடும் ஹெச்சும், மீண்டும் இடைவெளி விட்டு ஆஃப் என்று தட்டி என்டர் அழுத்துங்கள். ஆஃப் இடத்தில் ஆன் என்றால் கோப்பு திரும்ப வரும். இதன்பின் லேப்டாப் ஆன் ஆகச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கலாம். பேட்டரி சீக்கிரம் இறங்கும் லேப்டாப்பில் இதைச் செய்யாதீர்கள். சார்ஜ் தீரும்போது சேமிக்காத வேலையைக் காப்பாற்றுவது இந்தக் கோப்புதான்.

அண்மையில் 10-இலிருந்து 11-க்கு மாறியிருந்தால், ஸ்டோரேஜில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' திறந்து 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' இருக்கிறதா என்று பாருங்கள். பல ஜிபி இருக்கும். அழித்தால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' மீது மட்டும் டிக் போட்டுவிடாதீர்கள். பிள்ளையின் ஹால் டிக்கெட்டும் மார்க் ஷீட்டும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.