ஆடியில் ஒரு முகம், படத்தில் ஒரு முகம்

கண்ணாடியில் பார்த்த முகமும் புகைப்படத்தில் வந்த முகமும் ஒரே ஆளுடையவைதான்; ஆனாலும் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பிம்பம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப்படுகிறது, அசைகிறதா உறைந்து நிற்கிறதா, பார்க்கிற கண்ணுக்கு எது பழக்கம் என்பவையே இதற்குக் காரணங்கள். இவற்றில் எதுவும் முகத்தில் உள்ள குறையைக் காட்டுவதில்லை. இந்த வேறுபாட்டைத் தெளிவாக விளக்குவதற்குத் திருப்பதியைப் போல் பொருத்தமான ஊர் அரிது. அதன் மலையான திருமலையில், கோயிலுக்குள்ளேயே ஒரு கண்ணாடி மண்டபம் இருக்கிறது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் முடி இறக்கி முகம் மாறி வருகிற கல்யாணகட்டாவும் அதே மலையில்தான் இருக்கிறது.

நம்பிக்கை: கண்ணாடி இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றுகிறது

திருமலைக் கோயிலில், திருமலைராய மண்டபத்துக்கு வடக்கே இருப்பது ஆயினா மகால். தெலுங்கில் அதை அத்தால மண்டபம் என்பார்கள்; அத்தம் என்றால் கண்ணாடி. உற்சவரான மலையப்ப சுவாமியை ஸ்ரீதேவி, பூதேவியோடு ஊஞ்சலில் எழுந்தருளச் செய்து டோலோத்சவம் நடத்துவது இங்கேதான். பெரிய கண்ணாடிகளில் சுவாமியின் உருவம் திரும்பத் திரும்பத் தெரியும்.

பெருமாளின் மேல் வலக்கையில் சக்கரம், மேல் இடக்கையில் சங்கு. கீழ் வலக்கை பாதத்தைக் காட்டுகிறது. வலப்பக்கம் ஸ்ரீதேவி, இடப்பக்கம் பூதேவி. ஒருமுறை மட்டும் பிரதிபலித்த உருவத்திலோ சக்கரம் இடக்கைக்கும் சங்கு வலக்கைக்கும் போய்விட்டதுபோலத் தோன்றும். தாயார் இருவரும் பக்கம் மாறி நிற்பார்கள். அந்த உருவத்தை அப்படியே ஒரு சிற்பி செதுக்கினால் அது ஆகம முறைப்படி அமைந்த திருமேனியாக இராது.

உண்மையில் கண்ணாடி இடவலத்தைத் தொடுவதே இல்லை. கிழக்கு நோக்கி நிற்கும் ஒரு திருமேனியை எடுத்துக்கொள்ளலாம். வலக்கை தெற்கே இருக்கும், சக்கரமும் தெற்கே. எதிரே மாட்டிய கண்ணாடியிலும் சக்கரம் தெற்கேதான் தெரிகிறது. கிரீடம் மேலேதான், பாதம் கீழேதான். மாறுவது ஒன்றே ஒன்று: கிழக்கு நோக்கிய முகம் மேற்கு நோக்குகிறது. கண்ணாடி முன்னைப் பின்னாக்குகிறது, அவ்வளவுதான். மேற்கு நோக்கி நிற்பவருக்குத் தெற்கு இடப்பக்கம் என்பதால், பிம்பத்தை ஒரு தனி ஆளாக எண்ணிப் பார்க்கும் மனம் அந்தக் கையை இடக்கை என்று பெயரிட்டுவிடுகிறது. இடவல மாற்றம் பார்ப்பவரின் கணக்கில் நடப்பது.

கேமரா இதைச் செய்வதில்லை. லென்சின் வழியே உள்ளே விழும் உருவம் தலைகீழாக இருக்கும். ஆனால் அது மேல் கீழும் இட வலமும் சேர்ந்து சுழன்ற உருவம். திருப்பி நேராகப் பிடித்தால் சக்கரம் வலக்கைக்கே வந்துவிடும். புகைப்படத்தின் தொடக்க காலத்தில் இந்த நிலை இருக்கவில்லை. 1839இல் அறிமுகமான டாகுவேரோ முறையில் வெள்ளி பூசிய தகட்டில் பதிந்ததையே நேராகப் பார்த்தார்கள்; அதனால் படங்கள் கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பியிருந்தன. பின்னால் வந்த இரும்புத் தகட்டுப் படங்களும் அப்படியே. அமெரிக்காவில் பில்லி த கிட் என்ற கொள்ளையனின் பெயர்பெற்ற படம் அந்த வகையைச் சேர்ந்தது. அதில் துப்பாக்கி உறை இடப்பக்கம் தெரிந்ததால், அவன் இடக்கைக்காரன் என்று உலகம் பல்லாண்டு நம்பியது.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கண்ணாடி ஓவியர்களுக்கு இந்தச் சங்கதி தொழிலின் முதல் பாடம். அவர்கள் கண்ணாடியின் பின்பக்கம் தீட்டுகிறார்கள். பார்ப்பவர் முன்பக்கமிருந்து பார்க்கிறார். ஆகவே சக்கரத்தைப் பக்கம் மாற்றித்தான் வரைய வேண்டும். நகையும் கண்ணும் முதலில், பின்னணி கடைசியில் என்று வேலையின் வரிசையும் தலைகீழாக நடக்கும்.

ஒரு படம் திருப்பிப் போடப்பட்டதா என்று அறிய எளிய அடையாளங்கள் உண்டு. சட்டைப் பை வலமார்பில் இருந்தாலோ, சேலை முந்தானை வலத்தோளில் தொங்கினாலோ, அது பெரும்பாலும் திருப்பிய படம். குஜராத்திக் கட்டு ஒரு விதிவிலக்கு. அதில் முந்தானை வலத்தோளின் மேலேதான் முன்னால் வரும்.

நம்பிக்கை: கண்ணாடியில் தெரிவதே உண்மை முகம், படத்தில் வருவது கோணல் முகம்

எந்த மனித முகத்துக்கும் இரு பாதிகள் சமமல்ல. ஒரு புருவம் சற்று ஏறியிருக்கும். வகிடு ஒரு பக்கம், மச்சம் ஒரு பக்கம், மூக்குத்தி ஒரு பக்கம். நாளும் காலையில் ஆடியில் பார்த்துப் பார்த்து, புருவம் ஏறிய பக்கம் இன்னது என்று கண் பழகிவிடுகிறது. படத்தில் அது மறுபக்கம் இருக்கும்போது, இதுவரை கவனியாத கோணல் பளிச்சென்று தென்படுகிறது. கோணல் புதிதாக வந்ததன்று. இடம் மாறியதால் கண்ணில் பட்டது.

பழகியதையே மனம் விரும்புகிறது என்பதை உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல் ஆய்வாக வெளியிட்டார். 1977இல் மீடா, டெர்மர், நைட் என்ற மூவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவிகளிடம் அதை முகத்தை வைத்தே சோதித்தார்கள். ஒரே படத்தின் நேர் பிரதியும் திருப்பிய பிரதியும் காட்டப்பட்டன. மாணவிகள் தங்கள் முகத்தின் திருப்பிய பிரதியை அதிகம் விரும்பினார்கள். அவர்களுடைய தோழிகளும் காதலர்களும் நேர் பிரதியை விரும்பினார்கள். அவரவர் நாள்தோறும் பார்த்து வந்த முகத்தையே அவரவர் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டார் படத்தைப் பார்த்து “நல்லாத்தானே இருக்கு” என்று சொல்வது ஆறுதலுக்காக மட்டும் சொல்வதன்று. அவர்கள் கண்ணுக்கு அது உண்மையிலேயே நல்ல படம்.

கைப்பேசியின் முன்பக்கக் கேமரா இந்தக் குழப்பத்தைக் கூட்டிவிட்டது. எடுக்கும்போது திரையில் தெரிவது கண்ணாடிப் பிம்பம். பல கைப்பேசிகளில் சேமிக்கும்போது அது நேர் படமாக மாறிவிடும். ஒரு நொடிக்கு முன் அழகாகத் தெரிந்த முகம் அடுத்த நொடி அந்நியமாகிறது. திருப்பியபடியே சேமிக்கும் வசதி இப்போது பல கைப்பேசிகளில் உண்டு. ஐபோன்களில் அது 2020இல் ஐஓஎஸ் 14 வழியாக வந்தது.

நம்பிக்கை: கேமரா மூக்கைப் பெரிதாக்கும், ஆளைக் குண்டாக்கும்

இரண்டும் ஓரளவு உண்மை. ஆனால் காரணம் கேமரா அன்று, தூரம். இதை நன்றாகப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும் என்பதால் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே முன்பின்னாக ஏறத்தாழ 12 செ.மீ. என்று கொள்வோம். திருமலைக்கு ஏறும் அலிபிரிப் படிக்கட்டில் ஒருவர் கைப்பேசியை முகத்துக்கு 30 செ.மீ. அருகில் பிடித்துச் செல்ஃபி எடுக்கிறார். மூக்கு 30 செ.மீ. தூரத்தில், காது 42 செ.மீ. தூரத்தில். அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்ற விதிப்படி, காதோடு ஒப்பிட்டால் மூக்கு 1.4 மடங்கு பெருத்து விழுகிறது. அதே ஆள் ஸ்டுடியோவில் ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 150க்கு 162. மூக்கின் பெருக்கம் 1.08 மடங்குதான். இரண்டையும் ஒப்பிட்டால் செல்ஃபியில் மூக்கு சுமார் 30 விழுக்காடு அகன்றிருக்கிறது. 2018இல் அமெரிக்க முக அறுவைச் சிகிச்சை ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரையும் 12 அங்குலத்தையும் 5 அடியையும் ஒப்பிட்டு இதே அளவைத்தான் சொன்னது.

கண்ணாடி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கண்ணாடிக்கு 40 செ.மீ. முன்னால் நிற்பவரின் பிம்பம் கண்ணாடிக்கு 40 செ.மீ. பின்னால் இருப்பதாகத் தெரியும். ஆக அவர் தம் முகத்தை 80 செ.மீ. தூரத்திலிருந்து பார்க்கிறார். 80க்கு 92, அதாவது 1.15 மடங்கு. பழகிய முகம் இந்த அளவுள்ள முகம். செல்ஃபியில் மூக்கு இதைவிடப் பெருத்துக் காது பின்வாங்குகிறது, முகம் ஒடுங்குகிறது. தூரத்திலிருந்து எடுத்த படத்தில் காதும் தாடையும் கன்னமும் முன்னுக்கு வந்து முகம் அகலமாகிறது. “போட்டோவில் குண்டாத் தெரியறேன்” என்ற புகாரின் பெரும்பகுதி இந்த அகலம்தான். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையில் இது இன்னும் எடுப்பாகத் தெரியும். பக்கங்களை மறைக்க முடியில்லாததால், கிட்டத்தில் எடுத்த செல்ஃபியில் தலை மாம்பழம்போல் பின்னோக்கிக் குறுகிவிடும். அதே தலையை உடன் வந்தவர் நாலடி தள்ளி நின்று எடுத்தால் உருண்டையாக, லட்சணமாக இருக்கும்.

தங்கள் செல்ஃபி நன்றாக வர வேண்டும் என்று அறுவைச் சிகிச்சை கேட்டு வருவோரைச் சந்தித்ததாக, அமெரிக்க முக அறுவைச் சிகிச்சை மருத்துவர் சங்கத்தின் 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 55 விழுக்காட்டு மருத்துவர்கள் சொன்னார்கள். கையை நீட்டிப் பிடித்திருந்தாலே பாதி சரியாகியிருக்கும் ஒன்றுக்காக மூக்கின் மேல் கத்தி வைப்பது வருந்தத்தக்கது.

நம்பிக்கை: அடையாள அட்டைப் படத்தை வைத்து ஆளை எளிதில் கண்டுகொள்ளலாம்

திருமலையில் பலர் முதலில் கல்யாணகட்டாவில் முடி காணிக்கை செலுத்தி, நீராடி, பிறகு தரிசன வரிசைக்கு வருகிறார்கள். கையில் உள்ள ஆதார் அட்டையில் முடியும் மீசையும். எதிரே நிற்பவருக்கு இரண்டும் இல்லை. உடன் வந்த குடும்பத்தார் ஒரு கணம் திகைத்தாலும் உடனே அடையாளம் கண்டுவிடுகிறார்கள். முன்பின் தெரியாத ஊழியருக்கு அது அவ்வளவு எளிதன்று. நன்கு தெரிந்த முகத்தைக் கண், மூக்கு, வாய் ஆகிய நடுமுக உறுப்புகளைக் கொண்டு அறிகிறோம்; தெரியாத முகத்துக்கு முடியின் அமைப்பையும் முக விளிம்பையும் அவற்றுக்கு இணையாகவே நம்புகிறோம். 1979இல் எல்லிஸ், ஷெப்பர்ட், டேவிஸ் ஆகியோரின் ஆய்வு காட்டிய வேறுபாடு இது.

இதில் பயிற்சி பெற்றவர்களும் தவறுகிறார்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரேலியாவின் கடவுச்சீட்டு அலுவலர்கள் வேறொருவரின் படத்தைக் காட்டி நின்றவர்களில் 14 விழுக்காட்டினரைச் சரியான ஆள் என்றே ஏற்றுக்கொண்டார்கள். திருமலையில் 2023 மார்ச் முதல் சோதனை முறையில் முக அடையாளத் தொழில்நுட்பம் கொண்டுவரப்பட்டது. முடியைவிட, மாறாத நடுமுக உறுப்புகளின் அளவுகளைச் சார்ந்திருப்பது இத்தகைய முறைகளுக்கு நல்லது. மொட்டைத் தலைகள் நிறைந்த ஊரில் அந்தத் தேவை இன்னும் அதிகம்.

ஆதார் படம் யாருக்கும் பிடிப்பதில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்ணாடி முன் நிற்பவர் அறியாமலே முகத்தைத் திருத்திக்கொள்கிறார்: தாடையை ஏற்றுகிறார், நல்ல பக்கத்தைக் காட்டுகிறார். இரு கண்ணாலும் பார்ப்பதால் ஆழமும் தெரிகிறது. அட்டைக்கான படத்திலோ ஒற்றைக் கண் கேமரா, நேர்ப் பார்வை, சிரிப்பில்லாத ஒரு நொடி. ஓடும் காட்சியில் ஒருவரின் முகத்துக்குக் கிடைக்கும் மதிப்பு, அதிலிருந்து பிரித்தெடுத்த தனித்தனிப் படங்களுக்குக் கிடைப்பதில்லை என்று 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. உறைந்த முக விளைவு என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

வேறு இரண்டு நம்பிக்கைகள்

படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்பது பெரியவர்கள் சொல்லக் கேட்டது. கேமராவுக்குள் போவது முகத்தில் பட்டுத் தெறித்த ஒளி மட்டுமே. படம் எடுக்காவிட்டாலும் அந்த ஒளி சுவரில் பட்டுத் தீர்ந்துபோகும். உடலிலிருந்து எதுவும் கழிவதில்லை.

பின்னால் நகர்ந்தால் சின்னக் கண்ணாடியில் முழு உடம்பும் தெரியும் என்பது மற்றொன்று. சுவரில் செங்குத்தாக மாட்டிய கண்ணாடியில் எவ்வளவு தள்ளி நின்றாலும் தெரியும் பகுதி மாறாது. கண்ணாடிப் பரப்பில் முகம் பிடிக்கும் இடம் எப்போதும் முகத்தின் சரிபாதி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நெற்றி தெரியும் இடத்தில் ஒன்றும் தாடை தெரியும் இடத்தில் ஒன்றுமாக ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டு நடுவே அளந்தால் தெரிந்துவிடும். முழு உடம்பையும் பார்க்க ஆளின் உயரத்தில் பாதி உயரமுள்ள நிலைக்கண்ணாடி வேண்டும். அதை மாட்டும் உயரமும் சரியாக இருக்க வேண்டும்.

பிறர் காணும் முகத்தைக் கேமரா இல்லாமலே பார்க்கவும் வழி உண்டு. இரண்டு கண்ணாடிகளைப் புத்தகம் விரித்ததுபோல் சரியாக 90 பாகையில் சேர்த்து வைத்து, சேரும் மூலையை நேராகப் பார்க்க வேண்டும். ஒளி இரண்டு முறை பட்டுத் திரும்புவதால் அங்கே தெரியும் முகம் பக்கம் மாறாத முகம். அதைப் பார்த்துக்கொண்டே தலை வாரினால் சீப்பு வகிட்டைத் தவறவிட்டு எதிர்ப்பக்கம் போகும். கண் பழகியதுபோல் கையும் ஆடிக்கே பழகியிருக்கிறது.